சென்சார் மாற்றியும் அணையாத செக் லைட்: ஒரு பழைய ஹேட்ச்பேக்கின் வயரிங் ஆய்வு

2014 மாடல், 1.2 லிட்டர், நான்கு சிலிண்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக். கை மாறி வந்து எட்டு மாதம் ஆகிறது; மீட்டரில் 78,000 கி.மீ. பெரும்பாலும் சென்னைக்குள்ளேயே ஓடுகிற வண்டி. இந்த எட்டு மாதத்தில் கிராங்க் சென்சார் (இன்ஜின் சுற்றுவதை அறிவது) இரண்டு தடவை, மேப் சென்சார் (இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளப்பது) ஒரு தடவை, பேட்டரி ஒரு தடவை மாற்றியாயிற்று. த்ராட்டில் பாடியைக் கழற்றிச் சுத்தமும் செய்தாயிற்று. ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் பத்துப் பதினைந்து நாள் ஒழுங்காக ஓடும், அப்புறம் பழையபடி. கடைசியாக வந்த தீர்ப்பு, ‘ஈசியு (இன்ஜின் கம்ப்யூட்டர்) போய்விட்டது, மாற்ற வேண்டும்’ என்பது.

புகார்களைத் தனித்தனியாகக் கேட்டு எழுதியபோது நான்கு வந்தன. ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்ஜின் நின்றுவிடும். சாவியைத் திருப்பினால் உடனே பிடித்துக்கொள்ளும். சிக்னலில் நிற்கும்போது செக் லைட், ஸ்டியரிங் விளக்கு, ஏபிஎஸ் விளக்கு மூன்றும் சேர்ந்து எரியும், ஸ்டியரிங் கல்லாகக் கனக்கும். அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். இரண்டு வாரம் வண்டியை எடுக்காமல் விட்டால் செல்ஃப் எடுக்காது. நான்காவது, யாரும் பொருட்படுத்தாதது: ஏசி குளிர்கிறது, ஆனால் காற்று முன்போல வேகமாக வரவில்லை. பின்னால் பார்த்தால் இந்த நான்காவதுதான் கதவைத் திறந்த சாவி.

மின் கோளாறில் எந்தச் சென்சாரையும் தொடுவதற்கு முன் பேட்டரியும் ஆல்டர்னேட்டரும் சரியா என்று பார்த்துவிட வேண்டும். இரவு முழுக்க நின்ற பிறகு பேட்டரி 12.6 வோல்ட், செல்ஃப் அடிக்கும்போது 10.4 (9.6க்குக் கீழே போனால்தான் கவலை), இன்ஜின் ஓடும்போது 14.2. மீட்டரை மாறுதிசை வோல்ட்டுக்கு மாற்றி அளந்த சிற்றலை 0.04 வோல்ட், அதாவது ஆல்டர்னேட்டரின் டயோடுகள் நலம். இரண்டு வாரத்தில் பேட்டரி இறங்குவதற்கான காரணம் டேஷ்போர்டுக்குக் கீழேயே தொங்கிக்கொண்டிருந்தது. வண்டியைப் பூட்டி 40 நிமிடம் தூங்கவிட்டு அளந்தால் கசிவு 65 மில்லிஆம்பியர். டயக்னாஸ்டிக் சாக்கெட்டில் நிரந்தரமாகச் செருகியிருந்த புளூடூத் டாங்கிளைப் பிடுங்கியதும் 28. கணக்குப் போட்டால், 65 மில்லிஆம்பியர் நாளொன்றுக்கு ஒன்றரை ஆம்பியர்-அவரைத் தாண்டுகிறது. 35 ஆம்பியர்-அவர் பேட்டரி பதினோரு நாளில் பாதியாகிவிடும். மாற்றிய பேட்டரி அநேகமாக வீண் செலவு. அந்தப் புகார் அத்தோடு முடிந்தது.

கோளாறு கோடுகளைக் கூட்டம் பிரித்தல்

கிராங்க் சென்சார் என்று திரையில் பெயர் வந்ததும் சென்சார் வாங்கக் கடைக்குப் போனதுதான் இந்த வண்டிக்கு நேர்ந்த தவறு. பி0335 என்ற கோடு (கோளாறைக் குறிக்க வண்டியின் கம்ப்யூட்டர் பதியும் எண்) சொல்வது கிராங்க் சென்சார் சர்க்யூட்டில் கோளாறு என்பதை மட்டுமே. சர்க்யூட் என்றால் சென்சாரும் அதில் ஒன்று. அதற்குப் போகும் 5 வோல்ட் வயர், திரும்பும் எர்த் வயர், சிக்னல் வயர், வழியில் உள்ள கப்ளர்கள், ஈசியுவுக்குள் இருக்கும் பகுதி ஆகியவையும் அதில் சேர்த்தி. ஒரே மாதத்தில் நான்கு சென்சார்களின் பெயர் வந்தால், நான்கும் சேர்ந்து செத்துப்போயின என்பதைவிட, நான்குக்கும் பொதுவான ஒன்று தள்ளாடுகிறது என்று நினைப்பதே நியாயம்.

மலிவு டாங்கிள்கள் பெரும்பாலும் இன்ஜின் கோடுகளைத்தான் காட்டும். ஏபிஎஸ், ஸ்டியரிங் மாடூல்களுக்குள் நுழையாது. எல்லா மாடூலையும் படிக்கும் ஸ்கேனரைப் போட்டு, இரண்டு நாளில் ஐந்து ஓட்டங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் கோடுகளையும் ஃப்ரீஸ் ஃப்ரேம் விவரங்களையும் குறித்துக்கொண்டு, பிறகே அழிப்பது. அழித்துவிட்டுப் படிக்கும் பழக்கம் நிறையப் பேருக்கு உண்டு. கோளாறு நடந்த நொடியில் வேகம் என்ன, வோல்ட்டேஜ் என்ன, இன்ஜின் சூடு என்ன என்ற சாட்சியம் அதோடு போய்விடுகிறது.

ஐந்து ஓட்டங்களின் பட்டியலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் கோடுகள் தாமாகவே இரண்டாகப் பிரிந்தன. ஒரு கூட்டம் பி0335, பி0107, பி0122, பி0532: கிராங்க், மேப், த்ராட்டில் பொசிஷன், ஏசி பிரஷர். இவை எப்போதும் வண்டி நகரும்போதே வந்தன, 20 முதல் 45 கி.மீ. வேகத்தில், அந்த நேரத்தில் ஈசியு கண்ட வோல்ட்டேஜ் 13க்கு மேல். மற்றது பி0562, யு0100, யு0131. சிஸ்டம் வோல்ட்டேஜ் குறைவு, இன்ஜின் கம்ப்யூட்டரோடு பேச்சு அறுந்தது, ஸ்டியரிங் கம்ப்யூட்டரோடு பேச்சு அறுந்தது. இவை வண்டி நிற்கும்போது மட்டும், வோல்ட்டேஜ் 10.4 முதல் 10.9.

இரண்டு கூட்டமும் ஏசி ஓடும்போதே அதிகம் வந்தன. அதனால்தான் எல்லாரும் இதை ஒரே வியாதி என்று எண்ணினார்கள். ஒன்றில் வோல்ட்டேஜ் சரியாக இருக்கிறது, மற்றதில் விழுந்து கிடக்கிறது. ஆக, வியாதி இரண்டு. பழைய வண்டியில் இது அபூர்வமும் இல்லை.

எர்த் தேடிப் போனது

இரண்டாவது கூட்டத்தை முதலில் எடுத்ததற்குக் காரணம், அதை நிறுத்தி வைத்தே வரவழைக்க முடிந்தது. இன்ஜின் ஐடிலில், ஹெட்லைட், ஏசி, புளோயர் (ஏசி காற்றை உள்ளே தள்ளும் மோட்டார்) நான்காம் வேகம். பேட்டரி முனைகளில் மீட்டர் 13.3 காட்டுகிறது. ஸ்கேனரில் ‘கன்ட்ரோல் மாடூல் வோல்ட்டேஜ்’ என்ற வரியில் 10.6. நடுவில் 2.7 வோல்ட்டைக் காணோம். இந்த ஒப்பீட்டுக்கு இரண்டு நிமிடம் கூடப் பிடிக்காது. எட்டு மாதத்தில் ஒரு தடவை செய்திருந்தால் பாதி வேலை முடிந்திருக்கும்.

காணாமல் போன வோல்ட் பாசிட்டிவ் பக்கமா, எர்த் (பாடி வழியே பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் பாதை) பக்கமா? மீட்டரின் ஒரு முனை பேட்டரி பாசிட்டிவில், மற்றது ஈசியுவின் சப்ளை பின்னில்: 0.08 வோல்ட். அந்தப் பக்கம் சுத்தம். கறுப்பு முனை பேட்டரி நெகட்டிவ் போஸ்டில், சிவப்பு முனை ஈசியுவின் எர்த் பின்னில், கப்ளரின் முதுகு வழியாக மெல்லிய ஊசியை நுழைத்து. வயரைக் குத்திப் பார்க்கக் கூடாது. குத்திய ஓட்டை வழியே ஈரம் ஏறி, ஆறு மாதத்தில் புதுக் கோளாறு முளைக்கும். வந்த அளவுகள்: புளோயர் நிறுத்தத்தில் 0.4, முதல் வேகத்தில் 1.0, நான்காம் வேகத்தில் 2.7 வோல்ட். இருக்க வேண்டியது 0.1க்குள்.

புளோயர் வேகத்தோடு ஈசியுவின் எர்த் ஏறி இறங்குகிறது என்றால் இரண்டும் ஒரே எர்த் போல்ட்டில் உட்கார்ந்திருக்கின்றன. வயரிங் படமும் அதையே காட்டியது: ஈசியு, புளோயர் மோட்டார், ஸ்டியரிங் மாடூல் மூன்றின் எர்த்தும் இடது பக்கக் கால்மாட்டில், கதவுத் தூணின் அடியில், கிக் பேனலுக்குப் பின்னால் உள்ள ஒரே எம்6 போல்ட்டில். காற்று குறைந்த புகாருக்கும் விடை அங்கேதான். புளோயருக்கு வர வேண்டிய வோல்ட்டில் ஐந்தில் ஒரு பங்கை அந்த போல்ட் தின்றுகொண்டிருந்தது.

முன்பு பார்த்தவர்கள் எர்த்தைச் சோதிக்காமல் இல்லை. ஓம் மீட்டர் வைத்துப் பார்த்து, ‘0.3 ஓம், எர்த் ஓகே’ என்று விட்டிருக்கிறார்கள். மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டாலே 0.2 காட்டும் கருவியில் மிச்சம் 0.1 ஓம் ஒன்றுமில்லாததாகத்தான் தோன்றும். உண்மையில் இருந்தது சுமார் 0.16 ஓம். புளோயரும் ஈசியுவும் சேர்ந்து அதன் வழியே 17 ஆம்பியர் அனுப்பினால் 2.7 வோல்ட், 46 வாட். ஒரு சோல்டரிங் அயர்ன் அளவுக்குச் சூடு, கார்பெட்டுக்கு அடியில். எர்த்தை ஓமில் அளக்காதீர்கள், லோடு ஓடும்போது வோல்ட்டில் அளங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுதான் காரணம். ஓடும் வண்டியில் அளக்க முடியாத இடமென்றால் 21 வாட் பிரேக் பல்பை அந்த வயரில் தொடுத்துப் பாருங்கள். ஒரே ஒரு இழை மிஞ்சிய வயரும் ஓம் மீட்டரில் தேறிவிடும். பல்பு மங்கினால் அந்த வயரை நம்பக் கூடாது.

இன்னொரு கேள்வியும் எழும். எர்த் இவ்வளவு ஏறியும் சென்சார் அளவுகள் ஏன் சரியாகவே தெரிந்தன? சென்சார்களின் எர்த் ஈசியுவுக்குள்ளேயே திரும்பிப் போகிறது. ஈசியு மேலே ஏறினால் சென்சார்களும் கூடவே ஏறும். ஒன்றுக்கொன்று வித்தியாசம் மாறாது. ஏற்றம் அளவு மீறி, மாடூலுக்குப் போதிய வோல்ட் கிடைக்காதபோது அது சிறிது நேரம் வாயை மூடிக்கொள்கிறது. ஏபிஎஸ் அதைக் கண்டு யு0100 பதிக்கிறது. டேட்டா வயர்களில் குறையில்லை: பேட்டரியைக் கழற்றிவிட்டு டயக்னாஸ்டிக் சாக்கெட்டின் 6, 14 பின்களுக்கு நடுவே அளந்தால் 60 ஓம், இருக்க வேண்டியதேதான்.

தண்ணீர் எங்கிருந்து

கிக் பேனலைக் கழற்றியதும் போல்ட்டின் மேல் பச்சைக் களிம்பு. லக்கின் (வயர் நுனியில் போல்ட்டில் மாட்டும் வளையம்) கழுத்தில் வயரின் உறை பழுப்பேறி இளகியிருந்தது. கீழே கார்பெட் மேலாகத் தொட்டால் காய்ந்திருந்தது. அடியில் உள்ள ஸ்பாஞ்சை அமுக்கினால் தண்ணீர் ஊறி வந்தது.

சென்னையில் ஓடிய 2014 வண்டி என்றால் உடனே வரும் சந்தேகம் 2015 டிசம்பர் வெள்ளம், அதற்குப் பிறகு 2023 டிசம்பர் மிக்ஜாம். வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் இந்த ஒரு போல்ட்டோடு விஷயம் முடியாது. வயரிங் முழுவதையும் சந்தேகிக்க வேண்டும். ஆகவே அதைத் தனியாகத் தீர்க்க வேண்டியிருந்தது. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்ததில் சேற்றுக் கோடு இல்லை. சீட் ரெயிலின் அடிப்பக்கம், ஸ்டெப்னிக் குழி, உள் பியூஸ் பெட்டியின் பின்புறம் எங்கும் வண்டல் இல்லை. சீட்டின் அடிச் சுருள்களில் துரு இல்லை. வலது பக்கக் கார்பெட் முழுக்கக் காய்ந்திருந்தது. ஊறி வந்த தண்ணீரும் தெளிவாக, மணமற்று இருந்தது. ஹீட்டர் வழியே கூலண்ட் ஒழுகினால் பிசுபிசுப்பும் இனிப்பு வாடையும் தெரியும்.

ஏசியை இருபது நிமிடம் ஓடவிட்டுக் கீழே குனிந்து பார்த்தால் வண்டிக்கு அடியில் ஒரு சொட்டு இல்லை. புழுக்கமான நாளில் நன்றாகச் சொட்டியிருக்க வேண்டிய நேரம் அது. ஏசிப் பெட்டியின் வடிகுழாய் பாதி நழுவி, மிச்சப் பாதி தூசியும் இலைத்துணுக்குமாக அடைத்திருந்தது. குளிர்ந்த தண்ணீர் தினமும் உள்ளேயே வடிந்து, கார்பெட்டுக்கு அடியில் ஓடி, தாழ்வான இடது மூலையில் தேங்கியிருக்கிறது. பிரச்சினை ஏசியோடு பிறந்ததற்கு இது ஒரு காரணம், புளோயரின் கரண்ட் இன்னொரு காரணம்.

5 வோல்ட் வயர்

இனி முதல் கூட்டம். வயரிங் படத்தில் கிராங்க், மேப், த்ராட்டில் பொசிஷன், ஏசி பிரஷர் நான்குக்கும் ஈசியு தரும் 5 வோல்ட் ஒரே மூலத்திலிருந்து கிளை பிரிகிறது. எல்லா வண்டியிலும் இப்படி இருக்காது. படம் பார்க்காமல் ஊகிக்கக் கூடாத இடம் இது. அந்த வயர் எங்காவது பாடியைத் தொட்டால் ஈசியு தன்னைக் காத்துக்கொள்ளக் கரண்ட்டைக் கட்டுப்படுத்தும், 5 வோல்ட் சரிந்து விழும், நான்கு சென்சாரும் ஒரே கணத்தில் குருடாகும். கிராங்க் சிக்னல் இல்லையென்றால் இன்ஜின் சுற்றவில்லை என்று முடிவுகட்டி ஈசியு பெட்ரோல் பம்பையும் ஸ்பார்க்கையும் நிறுத்துகிறது. தொடுதல் விலகியதும் எல்லாம் திரும்பிவிடும், அதனால்தான் சாவி திருப்பியதும் பிடித்துக்கொள்கிறது. சில ஈசியுக்கள் இதற்கென்றே பி0642 பதிக்கும். இதில் அந்த உதவி கிடைக்கவில்லை.

நிரந்தர ஷார்ட் என்றால் வேலை சுலபம்: 5 வோல்ட்டைப் பார்த்துக்கொண்டே சென்சார் கப்ளர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினால், எதைப் பிடுங்கும்போது 5 திரும்புகிறதோ அந்தச் சென்சார்தான் குற்றவாளி. எல்லாவற்றையும் பிடுங்கியும் திரும்பாவிட்டால் வயரிங் அல்லது ஈசியு. இங்கோ விட்டுவிட்டு வரும் ஷார்ட். மேப் சென்சார் கப்ளரில் மீட்டரைக் குறைந்தபட்சம், அதிகபட்சம் பதியும் நிலையில் (மின்/மேக்ஸ்) வைத்து, சாவி ஆன், இன்ஜின் ஆஃப். அசையாமல் இருக்கும்போது 5.01. இன்ஜின் மேல் ஓடும் வயரிங்கைப் பிடித்து ஆட்டினால் மாற்றமில்லை. ரேடியேட்டர் ஃபேனை ஸ்கேனரிலிருந்து ஓடவிட்டதும் பதிவான குறைந்தபட்சம் 0.2 வோல்ட்.

ஏசி பிரஷர் சென்சாரைப் பிடுங்கிவிட்டு மறுபடி அதே சோதனை. மறுபடி 0.2. இந்த இடத்தில் பலர் ‘அப்படியானால் ஏசி பக்கம் இல்லை’ என்று திரும்பிவிடுவார்கள். சென்சாரைப் பிடுங்கினால் சென்சார்தான் விலகும். அதற்குப் போகும் வயர் அங்கேயே 5 வோல்ட்டோடு கிடக்கிறது. ஸ்க்ரூடிரைவர் பிடியால் முன்பக்கச் சட்டத்தை மெல்லத் தட்டிக்கொண்டே போனதில் இடது ஓரத்தில் தட்டும் ஒவ்வொரு தடவையும் வோல்ட் விழுந்தது.

பம்பரைக் கழற்றியதும் கதை முழுதாகத் தெரிந்தது. வண்டிக்கு முன்பு எப்போதோ இடது முன்பக்கம் டிங்கரிங் நடந்திருக்கிறது: சட்டத்தின் போல்ட் தலைகளில் ஸ்பானர் பட்ட தடம், பெயின்டின் நிற வேறுபாடு. கம்பெனியில் வந்த வயரிங் கிளிப் உடைந்து, அதற்குப் பதிலாக ஒரு பிளாஸ்டிக் டையால் வயரைக் கண்டென்சர் பிராக்கெட்டோடு சேர்த்து இறுக்கியிருக்கிறார்கள். பிராக்கெட்டின் கூர்விளிம்பு ஃபேன் அதிர்வில் உறையை அறுத்து, 3 மில்லிமீட்டர் நீளத்துக்குச் செம்பு பளபளத்தது. ஏசி போட்டால் ஃபேன் ஓடும். ஃபேன் ஓடினால் பிராக்கெட் அதிரும்.

ஒவ்வொரு சென்சாரை மாற்றியபோதும் ஏன் பத்து நாள் சரியாக ஓடியது என்பதும் இதனால் விளங்குகிறது. கப்ளரைக் கழற்றும்போது வயரிங் அசைந்து, அறுபட்ட இடம் விளிம்பைவிட்டுக் கொஞ்சம் விலகும். அதிர்வில் மெல்லத் திரும்பி வந்து உட்காரும். இடைப்பட்ட நாட்களுக்குப் பெயர் ‘சென்சார் மாற்றியதும் சரியாகிவிட்டது’.

சரி செய்த விதம்

எர்த்தைச் சுரண்டிவிட்டுப் பழைய லக்கையே திருப்பி முடுக்குவதில் பயனில்லை. செம்பு இழைகளுக்கு நடுவே ஈரம் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல ஏறிப்போகும். பளபளப்பான செம்பு தென்படும் வரை வெட்டியதில் 12 செ.மீ. கறுத்த வயர் போயிற்று. 2.5 சதுர மி.மீ. புது வயர், எம்6 லக், சரியான கிரிம்பிங் பிளையரால் அழுத்தி, உள்ளே பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாய். பாடியில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் பெயின்டைச் சுரண்டி வெறும் இரும்பு தெரியவைத்து, பல் வாஷரும் புது போல்ட்டும் போட்டு முடுக்கிய பிறகே வெளிப்புறத்தில் பெட்ரோலியம் ஜெல்லி. புளோயரின் எர்த்தை இருபது செ.மீ. தள்ளி இருந்த வேறு போல்ட்டுக்கு மாற்றியதால் இனி அதன் கரண்ட் ஈசியுவைத் தொடாது.

பேட்டரி நெகட்டிவிலிருந்து நேராக ஈசியுவுக்கு ஒரு தனி வயர் இழுத்துவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. பல எலக்ட்ரீஷியன்கள் செய்வதும் அதுதான். பின்னொரு நாள் இன்ஜினின் பெரிய எர்த் கேபிள் கெட்டால், செல்ஃப் மோட்டாரின் நூற்றுக்கணக்கான ஆம்பியர் இந்த மெல்லிய வயரில் குறுக்கு வழி தேடி அதை எரித்துவிடும். கம்பெனி வைத்த இடத்தை ஒழுங்காக்குவதே மேல்.

5 வோல்ட் வயரில் இரண்டு இழைகள் அறுந்திருந்ததால் டேப் சுற்றி விடவில்லை, வெட்டி, 0.5 சதுர மி.மீ. துண்டு சேர்த்து கிரிம்ப் செய்து, நெளிகுழாய் போட்டு, பிராக்கெட்டைவிட்டு இரண்டு விரல் தள்ளிப் புது கிளிப்பில் மாட்டியது. கூர்விளிம்பை அரத்தால் மழுக்கியாயிற்று. வடிகுழாயைச் சுத்தம் செய்து கிளாம்ப் போட்டது. சீட்டுகளைக் கழற்றி, கார்பெட்டையும் ஸ்பாஞ்சையும் வெளியே எடுத்து இரண்டு நாள் வெயிலில் போட்டது. இதைச் சோம்பேறித்தனத்தால் விட்டால் அடியிலுள்ள ஈரம் புது லக்கையும் தின்னும்.

சோதனை, கோளாறு வந்த அதே சூழலில்: ஐடில், ஹெட்லைட், ஏசி, நான்காம் வேகம், ஸ்டியரிங்கை இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் திருப்பிக்கொண்டு. பேட்டரியில் 13.4, ஸ்கேனரில் 13.3. ஈசியு எர்த்தில் 0.03 வோல்ட். 5 வோல்ட் வயரில் அரை மணி நேரப் பதிவின் குறைந்தபட்சம் 4.98, ஃபேன் ஓடிக்கொண்டிருக்க, சட்டத்தைத் தட்டிக்கொண்டிருக்க. கோடுகளை அழித்து மூன்று நாளில் 140 கி.மீ. ஓட்டியதில் எல்லா மாடூலும் காலி. காத்திருப்பில் இருக்கும் கோடும் இல்லை. ஒரு மாதம் கழித்து எர்த்தில் 0.04, கார்பெட்டுக்கு அடியில் செருகிய செய்தித்தாள் மொறுமொறுவென்று காய்ந்து வந்தது.

கழற்றி டிக்கியில் போட்டிருந்த பழைய மேப் சென்சாருக்கு 5 வோல்ட் கொடுத்து, கை வேக்கம் பம்பால் இழுத்துப் பார்த்ததில் வோல்ட் எங்கும் தாவாமல் சீராக இறங்கியது. வண்டியோடு வந்த முதல் கிராங்க் சென்சாரும் ஸ்கோப்பில் (சிக்னலை அலையாகக் காட்டும் கருவி) சுத்தமான சதுர அலை காட்டியது. இரண்டும் துடைத்து உறையிலிட்டு ஸ்பேராக டிக்கிக்கே திரும்பின.